திருகோணமலையில் தாவரவியல் பூங்கா: கண்ணாடி வீட்டைத் திருப்பிப் போட்டுப் பார்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவள் உப்புவெளிப் பக்கத்துப் பிள்ளை, கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறாள். நகருக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, 100 ஏக்கரில் ஒரு பொதுப் பூங்காவும் தாவரவியல் தோட்டமும் வரைவதுதான் அவளுடைய இறுதித் திட்டம். நடுவில் சிங்கப்பூரில் இருப்பதைப் போல ஒரு பெரிய கண்ணாடிக் குவிமாடம், பக்கத்தில் உயரத்தில் ஒரு நடைபாலம். ஆசிரியர் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். "கண்ணாடியை எடுத்துவிட்டால் என் திட்டத்தில் புதுமை என்று என்ன மிஞ்சும்?" என்று கேட்கிறாள்.

பிள்ளை, நான் கட்டடக் கலைஞன் இல்லை. இருபத்தைந்து வருடம் கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வையாளனாக நின்றவன். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு நாற்றுமேடை வைத்திருக்கிறேன். அதனால் கம்பி துருப்பிடிப்பதும் தெரியும், கன்று வாடுவதும் தெரியும். உன் ஆசிரியர் குறை சொல்லவில்லை. உனக்கு ஒரு வழி காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

கண்ணாடி வீடு எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். இலண்டனின் கியூ தோட்டத்தில் பனைகளுக்கென்று ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. 1844 இல் தொடங்கி 1848 இல் முடித்தார்கள். டெசிமஸ் பர்ட்டன் என்ற கட்டடக் கலைஞரும் ரிச்சர்ட் டர்னர் என்ற இரும்பு வேலைக்காரரும் சேர்ந்து செய்தது. வளைந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி. பனையும் வாழையும் அந்த நாட்டுப் பனிக்காலத்தில் செத்துப்போகும். அவற்றுக்கு இல்லாதது வெப்பம். கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தைப் பிடித்து வைத்தது. போதாததற்குத் தரைக்குக் கீழே நிலக்கரி எரித்தார்கள். அந்தப் புகை நேரே மேலே போனால் கண்ணாடியின் அழகு கெட்டுவிடும் என்று, நிலத்துக்கடியில் சுரங்கம் வெட்டித் தூரத்தில் ஒரு கோபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்ப்பவர்களுக்கு அது இத்தாலிய மணிக்கூண்டு. உண்மையில் அது புகைபோக்கி.

இப்போது சிங்கப்பூருக்கு வா. மெரினா குடாவில் உள்ள அந்தத் தோட்டம், 'கார்டன்ஸ் பை த பே', மொத்தம் 101 ஹெக்டேயர். நீ படத்தில் பார்த்த தென்பகுதி மட்டும் 54 ஹெக்டேயர், 2012 ஜூனில் திறந்தார்கள். நிலத்தோற்றத் திட்டம் கிராண்ட் அசோசியேட்ஸ், கண்ணாடி வீடுகள் வில்கின்சன் அயர், இரண்டுமே பிரித்தானிய நிறுவனங்கள். 25 முதல் 50 மீற்றர் வரை உயரமான 18 செயற்கை 'மரங்கள்'. கொங்கிறீற் தண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், சட்டத்தில் செடிகள், தலையில் குடை.

அங்கே எல்லோரும் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. அந்தக் கண்ணாடி வீடுகள் உள்ளே குளிரை வைத்திருப்பதற்காகக் கட்டப்பட்டவை. ஒன்றில் மத்தியதரைக் கடல் பக்கத்து உலர்ந்த குளிர், மற்றதில் வெப்பமண்டல மலையுச்சியின் ஈரக் குளிர். கியூவில் செய்த வேலையை அப்படியே தலைகீழாக்கியிருக்கிறார்கள். செடிக்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் அந்த வெளிச்சத்தோடு வரும் வெப்பம் வேண்டாம். அதற்காக விசேடப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி போட்டார்கள். வெளிச்சத்தில் ஏறத்தாழ 64 வீதத்தையும் வெப்பத்தில் ஏறத்தாழ 35 வீதத்தையும் உள்ளே விடும் கண்ணாடி. வெயில் கூடினால் தானாக விரியும் பாய் மாதிரித் திரைகள். 38 மீற்றர் உயரக் கூடம் முழுவதையும் குளிராக்காமல், ஆள் நடக்கிற உயரத்துக்கு மட்டும் குளிர்காற்றை விட்டு, தரைக்குள்ளே குளிர்நீர்க் குழாய் ஓட்டி, மேலே சேரும் சூட்டை மேலேயே விட்டுவைத்து வெளியேற்றுகிறார்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஒரு உப்புக் கரைசல். அந்தக் கரைசலை மறுபடி காய வைக்கும் சூடு, நகரத்து மரங்களை வெட்டிச் சீர்செய்யும்போது விழும் கழிவை எரிப்பதால் கிடைக்கிறது. அந்த உலையின் காற்று வெளியேறுவது எதன் வழியாகத் தெரியுமா? அந்தச் செயற்கை மரங்களில் சிலவற்றின் வழியாக. கியூவில் புகைபோக்கிக்கு மணிக்கூண்டு வேடம், சிங்கப்பூரில் மர வேடம். நூற்றறுபது வருடம் கழித்தும் அதே சூட்சுமம்தான். எனக்கு அந்தத் தோட்டத்தில் மிகவும் பிடித்தது இதுதான். இரவில் போடுகிற கலர் விளக்குகள் எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை.

ஆக, இரண்டு இடத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இங்கே செடிக்கு எது இல்லை? இலண்டனில் வெப்பம் இல்லை, சிங்கப்பூரில் குளிர் இல்லை. இல்லாததைக் கட்டடம் கொடுத்தது. அந்த வேலைக்குக் கண்ணாடி பொருந்தியது, போட்டார்கள்.

திருகோணமலையில் எது இல்லை?

குளிர் இல்லை என்று நீ சொல்லலாம். சரி, ஆனால் குளிர் வேண்டிய செடியை இங்கே கொண்டுவர வேண்டிய தேவை நமக்கு உண்டா? சிங்கப்பூரில் மலை கிடையாது, அதனால் 35 மீற்றரில் ஒரு மலையைக் கட்டி அதற்கு மேகத்தையும் ஊதினார்கள். நமக்கு ஹக்கல இருக்கிறது. நுவரெலியாவுக்கு அருகே, 1,700 மீற்றரை அண்மித்த உயரத்தில், 1861 இல் சிங்கோனா என்ற மலேரியா மருந்து மரத்தை வளர்க்கத் தொடங்கிய தோட்டம். மேகம் அங்கே இலவசம். விடியற்காலை பஸ் ஏறினால் பொழுது சாய முன்னே போய்ச் சேரலாம். ஈரமான செடிகளுக்குப் பேராதனை, 1821 இலிருந்து மகாவலியின் வளைவுக்குள்ளே 147 ஏக்கரில் கிடக்கிறது. அந்த மகாவலி கடலில் விழுவது நம்முடைய கொட்டியாரக் குடாவில். ஆற்றின் நடுப்பகுதிக்கு ஒரு தோட்டம் இருக்கும்போது முகத்துவாரத்துக்கும் ஒன்று இருந்தால் என்ன என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் பேராதனையின் பிரதி நமக்கு வேண்டாம். பேராதனையாலும் ஹக்கலவாலும் காட்ட முடியாத ஒன்றைக் காட்டு: உலர் வலயமும் கடலோரமும். தெற்கே அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில் 300 ஏக்கரில் உலர் வலயத் தோட்டம் ஒன்று 2013 இல் திறந்தார்கள். வடக்கு, கிழக்குக் கரைக்கென்று ஒன்றை நீ வரையலாம்.

அப்படியானால் இல்லாதவை மூன்று. நிழல், வருடத்தின் பாதி மாதங்களுக்குத் தண்ணீர், காற்றிலிருந்து ஒதுக்கு. உன் கட்டடம் இந்த மூன்றையும் கொடுக்கட்டும்.

கண்ணாடிக்கு ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டிவிட்டு அதை விட்டுவிடுகிறேன். நட்ட நடுப்பகல் வெயில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1,000 வாற். ஒரு ஹெக்டேயர் கூரைக்கு அது 10 மெகாவாற். நல்ல கண்ணாடி போட்டு 35 வீதம்தான் உள்ளே வருகிறது என்றாலும் 3.5 மெகாவாற். வீட்டில் போடும் 12,000 பீரீயூ (BTU) ஏசி ஒன்று 3.5 கிலோவாற் வெப்பத்தை வெளியேற்றும். அப்படியானால் ஆயிரம் ஏசி. சிங்கப்பூர்க்காரன் தன் கெட்டித்தனத்தால் இந்தத் தொகையைக் குறைத்தான், ஆனால் அந்தத் தென்பகுதிக்கு 100 கோடி சிங்கப்பூர் டொலருக்கு மேல் செலவழித்தான். ஆண்டுதோறும் பராமரிக்கவும் அவனிடம் இருக்கிறது. நம்மிடம் மின்சாரப் பட்டியலைப் பார்த்து முதலில் நிறுத்துவது எதை என்று உனக்கே தெரியும்.

அப்புறம் உப்பு. ஒரு காலத்தில் இந்தக் கரையில் ஒரு ஹோட்டலுக்கு வரவேற்புக் கூடம் கட்டும் வேலையில் நின்றேன். கடலைப் பார்த்தபடி மூன்று பக்கமும் கண்ணாடி, நடுவே பளபளக்கும் உருக்குப் பிணைச்சல்கள். வரைபடத்தில் பார்க்க அருமை. திறந்து இரண்டு வருடத்துக்குள் பிணைச்சல்களில் தேநீர் நிறத்தில் கறை. கண்ணாடியில் உப்புப் படிந்து, துடைக்கத் துடைக்க மங்கல். காலை வெயில் நேரே உள்ளே அடித்ததால் திரைச்சீலை வாங்கித் தொங்கவிட்டார்கள். அந்தத் திரையைத் திறந்து நான் பிறகு பார்க்கவேயில்லை. கடலைப் பார்க்கக் கட்டிய சுவருக்குத் துணி போட்டு மூடினார்கள்.

சரி, நிழலுக்கு வருவோம். இதில்தான் நீ படிக்கும் புத்தகங்கள் உன்னை ஏமாற்றும்.

ஐரோப்பாக்காரன் எழுதிய புத்தகத்தில் வடக்குப் பக்கம் நிழல் பக்கம். ஓவியக்கூடம், தொழிற்சாலை எல்லாம் வடக்கே திறக்கச் சொல்வான். திருகோணமலை இருப்பது வடக்கு 8.6 பாகையில். சூரியன் சித்திரை வருடப் பிறப்புக்கு ஓரிரு நாள் முன்னே நம் உச்சிக்கு நேரே வருகிறது. பிறகு வடக்கே போய், ஓகஸ்ட் கடைசியில்தான் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே திரும்புகிறது. அதாவது நமக்கு மிகக் கொடுமையான நாலரை மாதமும் நடுப்பகல் சூரியன் வடக்கில் நிற்கிறது. மழைக்காலத்தில், வெயில் தேவைப்படும்போது, தெற்கில். புத்தகத்தை நம்பி வடக்கே திறந்து வைத்தாயானால் ஆனி மாத வெயில் உள்ளே வந்து குந்தும்.

ஆனால் இதிலேயே நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஜூன் 21 இல்கூட நடுப்பகல் சூரியன் உச்சியிலிருந்து 15 பாகைதான் வடக்கே சாய்கிறது. 3 மீற்றர் உயரச் சுவருக்கு 80 சென்ரிமீற்றர் தாழ்வாரம் போதும், முழுச் சுவரும் நிழல். டிசம்பரில் தெற்கே 32 பாகை சாயும். அதே சுவருக்கு 1.9 மீற்றர் வேண்டும், ஆனால் அப்போது வானம் பாதி நாள் மூடியிருக்கும், வெயில் வந்தாலும் வரவேற்போம். வடக்கும் தெற்கும் தாழ்வாரத்தோடு முடிந்தது. காலையில் கிழக்கும் பின்னேரம் மேற்கும்தான் எதிரி. தாழ்ந்து வரும் வெயிலைத் தாழ்வாரம் தடுக்காது. ஆகவே உன் கட்டடங்களைக் கிழக்கு மேற்காக நீட்டு, குறுகிய முகம் மட்டும் அந்தப் பக்கங்களில் இருக்கட்டும், அங்கே செங்குத்தாக நிற்கும் மரச் சட்டங்களோ அடர்ந்த மரமோ வை.

குவிமாடத்தின் இடத்தில் நான் சொல்லும் கட்டடம் ஒரு நிழல் வீடு. கண்ணாடி வீட்டைத் திருப்பிப் போட்டது என்று வைத்துக்கொள். கண்ணாடி வீடு காற்றை அடைத்து வெயிலை விடுகிறது. நிழல் வீடு வெயிலை அரித்துக் காற்றை விடுகிறது. இது கற்பனை இல்லை. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பல்போவா பூங்காவில், 1915 இல் ஒரு கண்காட்சிக்காக இரும்புக் கூட்டில் மெல்லிய மரச் சட்டங்களை அடித்து ஒரு பெரிய தாவரக் கூடம் கட்டினார்கள். நடுவே குவிமாடமும் உண்டு, எல்லாம் மரச் சட்டம். நூறு வருடம் தாண்டியும் அது அங்கே நிற்கிறது.

நம் ஊரில் இதைச் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கிடுகு வேலிக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், மறைப்பும் உண்டு, காற்றும் வரும். என் நாற்றுமேடைக்கு முதலில் கடையில் வாங்கிய நிழல்வலை போட்டேன். மூன்றாம் வருடம் கையில் பிடித்தால் உதிர்ந்தது, பிளாஸ்ரிக் தூள் மண்ணில். பிறகு தென்னங்கிடுகை றீப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆனால் பழையது எருவாகிறது, பின்னிக் கொடுக்கும் வீட்டுக்கும் காசு போகிறது. பொதுப் பூங்காவுக்கு முழுக்கக் கிடுகு சரிவராது, தீப்பயம் இருக்கிறது. நிலையான கூட்டுக்கு மரச் சட்டம் வை, பருவத்துக்குப் பருவம் போட்டுக் கழற்றும் மேலடுக்காகக் கிடுகைச் சில இடத்தில் வை. மழைக்காலத்தில் வெளிச்சம் குறையும்போது மேலடுக்கைக் கழற்றிவிடலாம். சிங்கப்பூரில் மோட்டார் செய்யும் வேலையை இங்கே ஏணியும் இரண்டு ஆளும் செய்வார்கள்.

சட்டங்களை எந்தத் திசையில் அடிப்பது என்பதைக் கவனி. வடக்குத் தெற்காக. அப்படி அடித்தால் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக நிழற்கோடுகளும் தரையில் நகரும். ஒரு இலைக்குச் சில நிமிடம் வெயில், சில நிமிடம் நிழல். கிழக்கு மேற்காக அடித்தால் ஒரே கோட்டில் வெயில் மணிக்கணக்காக நின்று அந்த வரிசை மட்டும் கருகும். நான் இதை அடித்துக் கெடுத்துத்தான் கற்றேன்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் பின்னேரங்களில் உள்ளே புகுமுன் அது ஈரத்தைத் தொட்டு வந்தால் சூடு சில பாகை இறங்கும். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டும் பழைய வழக்கம்தான். காற்று உலர்ந்திருக்கும் நாட்களில் இது நன்றாக வேலை செய்யும். ஈரமான நாட்களில் வேலை செய்யாது, அந்த நாட்களில் தேவையும் இல்லை. மேற்குச் சுவரை அப்படி வை.

அடுத்தது தண்ணீர். நான் அதிகம் பேச நினைப்பது இதைப் பற்றித்தான். கட்டடக்கலை படிக்கிறவர்கள் தண்ணீரைக் குழாய்க்காரனிடம் விட்டுவிடுகிறார்கள். உலர் வலயத்தில் தண்ணீரே கட்டடக்கலை.

திருகோணமலையில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீற்றர் மழை. இலண்டனில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குறைவென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்கிறது. பிறகு ஆனி, ஆடியில் வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கடலோர மணலில் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வரும், ஆனால் அது உவர்நீரின் மேலே மிதக்கும் மெல்லிய அடுக்கு. மோட்டார் வைத்து இறைக்க இறைக்க அடியிலிருந்து உவர் ஏறும். பூங்காவுக்கு ஆழ்கிணறு வெட்டினால் பக்கத்து வீட்டுக் கிணறுதான் முதலில் கெடும்.

இப்போது கணக்கு. நாலு மாத மழை 1,000 மில்லிமீற்றர் என்று எடு. ஒரு ஹெக்டேயர் கூரையில் அது 10,000 கன மீற்றர், ஒரு கோடி லீற்றர். எவ்வளவு என்று மனதில் வரவில்லையா? சீனக்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர். அதில் ஒன்று நிரம்பச் சற்றுக் குறைவு. அடர்ந்த தோட்டம் உலர் காலத்தில் நாளுக்கு ஒரு சதுர மீற்றருக்கு 5 லீற்றர் அளவில் குடிக்கும். ஒரு ஹெக்டேயருக்கு 150 நாளில் 7,500 கன மீற்றர். இழப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு ஏக்கர் கூரை ஒரு ஏக்கர் தோட்டத்தைக் கோடை தாண்டிக் கொண்டுபோகும். இதைவிட எளிதான அளவுகோல் உனக்குக் கிடைக்காது. எவ்வளவு செழிப்பான தோட்டம் வேண்டுமோ அவ்வளவு கூரை போடு. அதற்கு மேல் உள்ள நிலத்தில் தண்ணீர் கேட்காத மரங்களை வை.

கூரை என்றால் மண்டபம் மட்டும் இல்லை. நடைபாதைகளுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்த குடைகளை நினைத்துப் பார். ஓரங்கள் உயர்ந்து, நடு பள்ளமாகி, தூணுக்குள்ளே இறங்கும் குழாய். வெயிலில் மக்களுக்கு நிழல், மழையில் குளத்துக்குத் தண்ணீர். மார்கழியில் தூணில் காதை வைத்தால் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும், பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள். சிங்கப்பூர் மரத்தின் தலையும் குடைதான். உன் மரம் தண்ணீர் குடிக்கும் மரமாக இருக்கட்டும்.

சேர்த்த தண்ணீரை எங்கே வைப்பது? குளத்தை அழகுக்காக அகலமாக விரிக்காதே. கோடையில் திறந்த நீர் நாளுக்கு 5 மில்லிமீற்றராவது ஆவியாகும், காற்றடித்தால் இன்னும் கூட. 150 நாளில் முக்கால் மீற்றர். ஒரு மீற்றர் ஆழக் குளத்தில் முக்கால்வாசி போய்விடும். மூன்று மீற்றர் ஆழக் குளத்தில் காற்பங்குதான் போகும். அதே 10,000 கன மீற்றருக்கு மூன்று மீற்றர் ஆழத்தில் ஒரு ஏக்கர்கூட வேண்டாம். கரையில் மருத மரம் வை, நிழல் விழும். பழைய குளங்களின் மேற்பக்கத்தில் மரங்களை ஒரு பட்டியாக விட்டிருப்பார்கள், சிங்களத்தில் கஸ்கொம்மன என்பார்கள். காற்றைத் தடுத்து ஆவியாவதைக் குறைக்க. கட்டுக்குக் கீழே இன்னொரு மர வரிசை, கசியும் உப்பை உறிஞ்ச, அது கட்டக்கடுவ. இந்த நாட்டின் மிகப் பழைய நிலத்தோற்றக் கட்டடக்கலை இதுதான், உன் பாடத்திட்டத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது என்று பார்.

ஒரு பெரிய குளத்துக்குப் பதிலாக மூன்று நாலு சிறிய குளங்களைச் சங்கிலியாக வை. மேற்குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழி) பாய்ந்தால் கீழ்க்குளம் நிரம்பும். தண்ணீரைத் தரைமட்டத்துக்கு மேலே கட்டு எழுப்பித் தேக்காதே, நிலத்துக்குள்ளே தோண்டி வை. கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரல் 20 இல் உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதை இந்த மாவட்டத்தில் வளர்ந்த யாரும் மறக்க மாட்டார்கள். மக்கள் நடக்கும் இடத்தில் தலைக்கு மேலே தண்ணீர் வேண்டாம்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. 1964 டிசம்பர் சூறாவளி நம் ஊரை நேரே அடித்தது. 1978 இல் மட்டக்களப்பு. 2020 டிசம்பரில் புரெவி நமக்கு வடக்கே கரையேறியது. 1978 க்குப் பிறகு நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தார்கள், கிழக்குக் கரைக்குத்தான் மிகக் கடுமையான விதி. சட்டங்களுக்கு இடையே இடைவெளி உள்ள நிழல் வீட்டில் காற்று புகுந்து போய்விடும், மூடிய குவிமாடம்போல முழு விசையையும் வாங்காது. ஆனால் கவிழ்த்த குடைகளைக் காற்று தூக்கப் பார்க்கும். அத்திவாரத்தைக் கீழே அழுத்தும் பாரத்துக்கு மட்டும் கணக்குப் போடாமல் மேலே இழுக்கும் விசைக்கும் போடு. சட்டங்களைக் கழற்றிப் பூட்டக்கூடிய துண்டுகளாக வை, பறந்தால் பறந்த துண்டை மட்டும் மாற்றலாம். ஆணி, பிணைச்சல் எல்லாம் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். உப்பு தின்னும், மாற்றத்தான் வேண்டும்.

கண்ணாடி இல்லாத குவிமாடம் என்றால் ஈடன் திட்டம் மாதிரிச் செய்யலாமே என்று அடுத்துக் கேட்பாய். இங்கிலாந்தின் கோர்ன்வாலில் பழைய வெண்களிமண் குழி ஒன்றில் 2001 இல் திறந்தது, நிக்கலஸ் கிரிம்ஷா வடிவமைத்தது. கண்ணாடிக்குப் பதிலாக ஈரிஎஃப்ஈ (ETFE) என்ற மெல்லிய பிளாஸ்ரிக் படலம், காற்று ஊதிய அறுகோண மெத்தைகளாக. எடை கண்ணாடியின் நூறில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் அதுவும் வெப்பத்தைப் பிடித்து வைக்கத்தான். அந்தப் படலத்தை விட்டுவிடு, அங்கே எடுக்க வேண்டியவை வேறு இரண்டு. குழியின் தரை மட்டம் எப்படி முடியும் என்று தெரியாத நிலையில், சவர்க்காரக் குமிழி எந்தத் தரையிலும் ஒட்டி நிற்பதைப் பார்த்து வடிவத்தைப் பிடித்தார்கள். நிலத்தை மட்டப்படுத்திவிட்டுக் கட்டவில்லை. இரண்டாவது, அங்கே மண்ணே இல்லை. சுரங்கக் கழிவையும் மக்கிய கழிவையும் கலந்து 85,000 தொன் மண்ணைச் செய்தார்கள். உன் நிலம் மணல். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் நெல் குற்றும் ஆலைகளில் உமி மலையாகக் கிடக்கிறது, மாட்டெரு இருக்கிறது, குளங்களை மூடும் ஆகாயத்தாமரை இருக்கிறது. கட்டடத்துக்கு ஒரு வருடம் முன்னே மண் செய்யும் இடம் தொடங்க வேண்டும் என்று உன் கட்ட அட்டவணையில் எழுது. பரீட்சிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இனி மரங்கள். நடுநாயகமாக எதை வைப்பது என்று கேட்டால் சமண்டலையைச் சொல்வேன். சிங்களத்தில் ஹல்மில்ல. வெள்ளைக்காரர் மர வியாபாரத்தில் இதற்கு வைத்த பெயரே திருகோணமலை மரம். இங்கிருந்து கப்பலேறிப் போய், சென்னைக் கரையில் அலைக்குத் தாங்கும் மசூலாப் படகுகள் செய்யப் பயன்பட்டது. ஊரின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன மரம், ஊருக்குள்ளே எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? காய்க்குச் சிறகு உண்டு, காற்றில் சுழன்று விழும். உன் மரச் சட்டங்களுக்கும் அதன் இணைப்புகளுக்கும் அந்தச் சிறகில் ஒரு வடிவம் இருக்கிறதா என்று வரைந்து பார். அதோடு பாலை, வீரை, முதிரை, கருங்காலி, கடற்பக்கம் புன்னை, பூவரசு, தாழை, பனை. காற்று வரும் பக்கத்தில் முதலில் இவற்றை நட்டு, அந்த ஒதுக்குக்குள்ளே மென்மையானவை. இவை வளரும்வரை நடைபாலத்துக்கு அவசரப்படாதே. கேப் டவுனின் கேர்ஸ்டன்பொஸ் தோட்டத்தில் 2014 இல் 130 மீற்றர் நீளத்தில் பாம்புபோல் வளையும் ஒரு மரஉச்சி நடைபாதை போட்டார்கள். அந்தத் தோட்டத்துக்கு அப்போது நூறு வயது. மரம் இருந்தது, பாலம் வந்தது. உன் வரைபடத்தில் பாலம் இருக்கிறது, கீழே நாற்றுகள்.

குளிரூட்டிய அறை ஒன்று வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அது படுக்கையறை அளவு போதும்: விதை வங்கி. இங்கிலாந்தின் வேக்ஹேர்ஸ்டில் 2000 இல் தொடங்கிய பெரிய விதை வங்கியில் விதையை உலர்த்தி −20 பாகையில் வைக்கிறார்கள். மா, பலா மாதிரிச் சில விதைகளை அப்படி உலர்த்த முடியாது, அவற்றை மரமாகத்தான் வைத்திருக்க வேண்டும். மற்றவற்றுக்கு அந்தச் சிறிய அறை போதும். எந்த மரம் எந்தக் காட்டிலிருந்து, எந்த நாளில் வந்தது என்ற பதிவேடும் அதே அறையில். அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் அது பூங்கா மட்டுமே, தாவரவியல் தோட்டம் இல்லை. சூரியத் தகடு நாலைந்தை அந்த அறைக்கென்று ஒதுக்கு. கண்ணாடி வழியாக எல்லோரும் பார்க்கும் இடத்தில் அதை வைக்கலாம், உனக்குக் கண்ணாடி மேல் அவ்வளவு ஆசை என்றால், உள்ளே, நிழலில், ஒரு யன்னல்.

மறந்துவிட்டேன், மான். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே திரியும் புள்ளிமான்கள் நகரத்துக்குள்ளும் வரும் என்பது உனக்குத் தெரியும். அவற்றோடு கட்டாக்காலி மாடுகளும். முதல் ஐந்து வருடம் ஒவ்வொரு கன்றும் அவற்றுக்குச் சாப்பாடு. ஆள் உயரத்தில் முள்கம்பி அடித்தால் பூங்கா சிறைச்சாலை மாதிரி இருக்கும். உட்பக்கம் ஒரு பள்ளம் வெட்டி, அதன் உள்முகத்தில் சுவர் வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது வேலியே தெரியாது. அந்தப் பள்ளம் மழைக்காலத்தில் வாய்க்காலாகவும் போகட்டும்.

இடத்துக்கு ஒரு உதாரணம் நேரில் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கு ரிக்கற் போடுமுன் தம்புள்ளைப் பக்கம் போய் ஜெஃப்ரி பாவாவின் கண்டலம ஹோட்டலைப் பார். 1994 இல் கட்டி முடித்தது, அதே உலர் வலயம், பாறையை வெட்டாமல் பாறையோடு நீட்டிய கட்டடம், இப்போது கொடி மூடிக் காட்டோடு காடாகக் கிடக்கிறது. தூண்களையும் கிராதிகளையும் அளந்து வா, எது துருப்பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்றும் குறித்துக்கொள். பிறகு நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நாள் நடுப்பகலில் போ. எவ்வளவு நேர்த்தியாகப் பராமரிக்கப்படும் தோட்டமானாலும், அந்த நேரத்தில் நீ எந்த மரத்தடியைத் தேடி ஒதுங்குகிறாய் என்பதைக் கவனி.

திருத்திய வரைபடத்தை அனுப்பு. மண்டபத்தின் முகப்பை நான் பார்க்கப் போவதில்லை. குளத்துத் துருசு (மதகு) எந்தப் பக்கம், வான் எங்கே பாய்கிறது, சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று மூன்று இடத்தில் அம்புக்குறி போட்டு வை.